விளையாட்டுக் கருவியும் சுட்டியும்

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்பெறும் வீடியோ விளையாட்டுக் கருவிகளைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதப் புகுதல் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். விளையாட்டென்னும் பெயர் பற்றியே ஒன்றனை இகழ்ந்து ஒதுக்குதல் எளிது. ஆயினும், பலர் கூடி ஒரு விதிக்கு உட்பட்டு ஆடும் இடத்தே, நேர்மை எது வஞ்சம் எது என்னும் வினா எழுந்தே தீரும். கன்சோல் எனப்படும் அக்கருவிகளின் உலகில் அவ்வினாவை எழுப்பியது ஒரு சிறு துணைப்பொருள். அது, கணினி மேசைமேல் நாம் நாள்தோறும் நகர்த்தும் மௌஸே ஆகும். தமிழில் அதனைச் சுட்டி என வழங்குப. சுட்டெழுத்தை இலக்கண வகுப்பிற் கற்ற யாம் இப்பெயரைப் பெரிதும் விரும்புகின்றோம். வேண்டிய இடத்தைச் சுட்டுதலே அதற்கும் தொழிலாதலின்.

கன்சோலோடு வருவது இரு கையாலும் பற்றும் கண்ட்ரோலர். அதன்மேல் உள்ள சிறு தண்டைப் பெருவிரலாற் சாய்த்தால், சாய்ந்த அளவிற்கேற்ற விரைவோடு திரையிற் பார்வை திரும்பும். நினைத்த இடம் வந்தவுடன் தண்டை நடுநிலைக்கு மீட்டல் வேண்டும். சிறிது தாமதித்தால் குறி இலக்கைக் கடந்துபோம். சுட்டியின் இயல்பு வேறு. கை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே குறியும் நகரும். கை நின்றால் குறியும் நிற்கும். தண்டு விரைவை ஆள்வது. சுட்டி இடத்தை ஆள்வது. துப்பாக்கியேந்திக் குறிபார்க்கும் ஆட்டங்களில் இவ்வேறுபாடு பெரிது. இதனை உணர்ந்தே அவ்வாட்டங்களை ஆக்குவோர், தண்டு கொண்டு ஆடுவார்க்கு ஓர் உதவி செய்து வைத்துளர். குறி பகைவனை நெருங்குங்கால், ஆட்டமே அதனைச் சற்று மந்தமாக்கியும் பகைவன்பால் ஈர்த்தும் நிற்கும். இவ்வுதவியைப் பின்னர் நினைவிற் கொள்ளவேண்டுதலின் இங்கே குறித்தோம்.

சுட்டி பிறந்த இடம் விளையாட்டரங்கமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், 1964-ஆம் ஆண்டு டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பாரும் அவருடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ் என்பாரும் மரக்கூட்டில் அமைத்த கருவியே முதற் சுட்டி. அதனைக் கன்சோலுக்குக் கொணர்ந்து புகழ் பெறச் செய்தது ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ. 1992-இல் வெளிவந்த ‘மரியோ பெயின்ட்’ என்னும் ஆக்கத்தோடு ஒரே பெட்டியிற் சுட்டியையும், அது உருளுதற்கு ஒரு பிளாஸ்டிக் பலகையையும் வைத்து அந்நிறுவனத்தார் விற்றனர். ஆ! எத்துணை இனிய எண்ணம் அது! சிறுவர் அதனைக் கொண்டு ஓவியம் வரைந்தனர். வரைந்தவற்றை அசையச் செய்தனர். சிறு உருவங்களை வரிசையில் நிறுத்தி இசை அமைத்தனர். பகை என்று சொல்ல அங்கிருந்தன ஈக்களே. அவற்றை அடிப்பதற்கும் ஓர் ஆட்டம் உண்டு. தொலைக்காட்சியின் முன் வாளா அமர்ந்திருந்த குழந்தையை ஒன்றனைப் படைப்பவனாக்கிய பெருமை அச்சுட்டிக்கு உரியது.

அதன் பின் வந்தவை அத்துணைப் பேறு பெறவில்லை. சேகா நிறுவனத்தார் தம் கன்சோல்களுக்குச் சுட்டி செய்தனர். சோனி நிறுவனத்தார் 1994-இல் ஜப்பானிற் பிளேஸ்டேஷனோடு ஒன்றை வெளியிட்டனர். 2000-இல் ட்ரீம்காஸ்டில் வந்த ‘குவேக் 3’ ஆட்டமும், 2001-இற் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ ஆட்டமும் சுட்டிக்கு இடந்தந்தன. ஆயினும், தனியே விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருளைச் சிலரே வாங்குவர். சிலரிடமே உள்ள பொருளுக்கென ஆட்டம் ஆக்க எவரும் முற்படார். ஆட்டம் இல்லாத பொருளைப் பின்னும் யார் வாங்குவார்? இச்சுழலில் அகப்பட்டே அவை மறைந்தன என்பது எம் கருத்து.

வெளிப்படையாக வாராத பொருள் மறைவாக வந்தது. சுட்டியைத் தண்டு என்று கன்சோலை நம்பச் செய்யும் அடாப்டர்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றைக் கொண்டார் சுட்டியின் நுட்பத்தையும் பெறுவர். தண்டுக்காரர்க்கென வைத்த உதவியையும் உடன் பெறுவர். எதிரில் ஆடுவானோ இதனை அறியான். தோற்றபின் தன் கையையே நொந்துகொள்வான். இவ்வஞ்சத்தை யாம் வெறுக்கின்றோம். ‘ஓவர்வாட்ச்’ ஆட்டத்தின் தலைவராக இருந்த ஜெப் கப்லன் 2017-இலேயே, கன்சோலாக்குவோர் இதனை முற்றும் தடுத்தல் வேண்டும், அன்றேல் எல்லார்க்கும் திறந்து விடுதல் வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். 2023-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தார், ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ ஆட்டத்தில் அடாப்டர் கொண்டாரைக் கண்டறிந்து அவர்தம் கையசைவு திரையிற் காலந்தாழ்ந்தே தோன்றுமாறு செய்தனர். அம்முறைக்கு அவர் இட்ட பெயர் எலிப்பொறி!

பெயர் நகைச்சுவை உடையதே. ஆயினும் பொறியில் அகப்படுவார் அனைவரும் வஞ்சகர் ஆவரோ? பெருவிரலால் தண்டைச் சாய்க்கவியலாதாரும், ஒரு கையே இயங்கப் பெற்றாரும் உளர். அவருட் சிலர்க்குச் சுட்டியே ஆட்டத்துட் புகும் வாயில். மறைவழி ஒன்றே உள்ள இடத்தில், அவரும் வஞ்சகரும் ஒரே வழியிற் செல்லவேண்டியவராகின்றனர். தண்டனையும் இருவர்க்கும் ஒன்றாகின்றது. ஆதலின், தடை மட்டும் போதும் என்பாரோடு யாம் உடன்படோம். கன்சோலே சுட்டியைச் சுட்டியென்று அறிந்து ஏற்றல் வேண்டும். ஏற்றபின் தண்டுக்குரிய உதவியை அதற்கு நிறுத்தல் வேண்டும். சுட்டியுடையாரைச் சுட்டியுடையாரோடே கூட்டல் வேண்டும். இது இயலாததொன்றன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிற் சுட்டிக்கு வெளிப்படையாக இடந்தந்தனர். ‘ஃபோர்ட்நைட்’ ஆட்டத்தார் ஆடுவார் கொண்ட கருவியை நோக்கி இணை சேர்க்கும் முறையை அக்காலத்தே மேற்கொண்டனர். ஆயின், இடந்தருவதும் மறுப்பதும் அவ்வவ் வாட்டத்தாரின் விருப்பம் என விடப்பட்டமையே குறை.

2025-ஆம் ஆண்டு ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இவ்வழக்கை வேறோரிடத்தில் தொடுகின்றது. அதன் இரு கண்ட்ரோலர்களையும் விளிம்பின்மேல் நிறுத்தி நகர்த்தினால் ஒவ்வொன்றும் சுட்டியாகும். வாங்கினார் அனைவர்க்கும் சுட்டி உண்டாதலின், முற்கூறிய சுழல் அறுந்தது. சக்கர நாற்காலியிலிருந்து கூடைப்பந்தாடும் ‘டிராக் எக்ஸ் டிரைவ்’ என்னும் ஆட்டம் இரு கைக்கும் இரு சுட்டி கொண்டு அமைந்துளது. விளிம்பு மெலிதாதலின் நெடுநேரம் பற்றக் கை நோகும் என்பதனையும், மேசையில்லாக் கூடத்திற் சாய்ந்தமர்ந்து ஆடுவான் தன் தொடையையே பலகையாக்கவேண்டும் என்பதனையும் யாம் மறுக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் பழைய ‘மரியோ பெயின்ட்’ சந்தாக்காரர்க்கு மீண்டும் திறக்கப்பட்டது. புதிய சுட்டியால் பழைய ஈயை அடிக்கலாம். மகிழ்ச்சியே. எனினும், முப்பத்துமூன்று ஆண்டு கழிந்தபின் பழையதை எடுத்துத் தருதலோடு நில்லாது, இக்காலச் சிறுவர் வரைதற்கும் இசை அமைத்தற்கும் புதியதொன்றை அந்நிறுவனத்தார் ஆக்கித் தருவரேல், அதனையே யாம் முதலிற் கேட்போம்.