எட்டடி மேசையும் பதின்மூன்றடி அறையும்

‘எட்டடி மேசை’ என்று கடைக்காரர் கூறும் பூல் மேசையை அளவுநாடா கொண்டு அளந்து பார்ப்பவருக்கு எட்டடி என்பது எவ்விடத்திலும் அகப்படாது. வெளிமரச் சட்டத்தையும் சேர்த்து அளந்தால் எட்டடிக்குச் சில அங்குலம் கூடுதலாக வரும். பந்து ஓடும் துணிப்பரப்பை மாத்திரம், ஒரு றப்பர் விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை அளந்தாலோ 88 அங்குலம், அதாவது 7 அடி 4 அங்குலமே வரும். ஆகவே எட்டடி என்பது ஒரு பெயர்; அளவன்று. வீட்டிற்கு மேசை வாங்க விரும்புவோரிற் பலர் இந்தப் பெயரை அளவென்று நம்பித் தம் அறையிலிருந்து எட்டடியைக் கழித்து, ‘மிச்சம் நிறைய இடம் இருக்கிறதே’ என மகிழ்ந்துவிடுகின்றனர்.

வட அமெரிக்காவில் இன்று பெருவழக்காயுள்ள மேசைகள் மூன்று. ஏழடி மேசையின் ஆடுபரப்பு ஏறத்தாழ 39 அங்குல அகலமும் 78 அங்குல நீளமும் உடையது. எட்டடி மேசையினது 44க்கு 88. தொழில்முறை ஆட்டக்காரர் போட்டியிடும் ஒன்பதடி மேசையினது 50க்கு 100. எந்த மேசையாயினும் நீளம் அகலத்தின் இருமடங்காயிருத்தல் வேண்டும் என்பது விதி. இவ்விகிதம் பிழைத்த மேசையைக் கடையிற் கண்டால் அது விளையாட்டுச் சாமானேயன்றி ஆட்டமேசை அன்று எனக் கொண்டு அப்பாற் செல்லலாம். கணிதம் படிக்கும் மாணவர் ஒருமுறை பெருக்கிப் பார்க்கட்டும்: ஏழடி மேசையின் பரப்பு 3,042 சதுர அங்குலம், எட்டடியினது 3,872, ஒன்பதடியினது 5,000. பெயரளவில் இரண்டடியே கூடினும், பரப்பளவில் ஒன்பதடி மேசை ஏழடி மேசையிலும் பார்க்க மூன்றிலிரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிகுந்து நிற்கின்றது.

ஆயினும் அறையின் அளவைத் தீர்மானிப்பது மேசையன்று; கோலே. வழக்கமான ஆட்டக்கோலின் நீளம் 57 அல்லது 58 அங்குலம். வெள்ளைப் பந்து விளிம்பை ஒட்டி வந்து நின்றுவிட்டால், ஆடுபவர் கோலின் நுனியைப் பந்தருகே வைத்து, கோல் முழுவதையும் தமக்குப் பின்னால் நீட்டிப் பிடிக்க நேரும். எனவே ஆடுபரப்பின் அகலத்தோடு இரண்டு கோல்நீளத்தைக் கூட்டினால் அறையின் ஆகக்குறைந்த அகலம் கிடைக்கும், நீளத்திற்கும் அவ்வாறே. 58 அங்குலக் கோலைக் கொண்டு கணக்கிட்டால், ஏழடி மேசைக்கு 12 அடி 11 அங்குலமும் 16 அடி 2 அங்குலமும் வேண்டும். எட்டடிக்கு 13 அடி 4 அங்குலமும் 17 அடியும். ஒன்பதடிக்கு 13 அடி 10 அங்குலமும் 18 அடியும். இவை முழங்கை சுவரில் இடியாமல் ஒருவாறு ஆடுவதற்கு மாத்திரம் போதுமானவை. கையைத் தாராளமாகப் பின்னிழுத்து அடிக்க வேண்டுமாயின் ஒவ்வொரு பக்கமும் இன்னும் ஆறங்குலம் விடுதல் நன்று.

இக்கணக்கை நான் இவ்வளவு நுணுக்கமாகப் போட நேர்ந்தமைக்குக் காரணம், கனடாவில், ரொறன்ரோ நகரின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில் வதியும் என் மருமகன். தமக்கையாரின் மூத்த மகன். அவருடைய வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் (அங்குள்ள நம்மவர் அதைப் ‘பேஸ்மென்ற்’ என்றே வழங்குவர்) 17 அடி நீளமும் 13 அடி அகலமுமான அறையொன்று உண்டு. அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. பாடசாலை முடிந்ததும் கூட்டாளிகளோடு பெருந்தெருவிலுள்ள பூல் மண்டபத்திற்குச் சென்று, இரவுச் சாப்பாட்டு வேளை கடந்தபின்னரே வீடு திரும்புகிறான். மாரிகாலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருண்டுவிடும் ஊர் அது. தகப்பனாருக்கு நித்திரை வருவதில்லை. ‘மேசையை வீட்டிலேயே போட்டுவிட்டால் பிள்ளை வீட்டில் நிற்பான், மாமா. எட்டடி மேசைக்குக் கணக்குப் பார்த்துவிட்டேன். நாலு அங்குலந்தான் இடிக்கிறது. நாலு அங்குலத்தில் என்ன இருக்கிறது?’ என்று தொலைபேசியிற் கேட்டார்.

நாலு அங்குலத்தில் எல்லாம் இருக்கிறது. அகலத்திற் குறையும் அந்த நாலு அங்குலம் மேசையின் இரு நெடும்பக்கங்களையும் பற்றியது. சுற்றளவில் மூன்றிலிரண்டு பங்கு அந்த நெடும்பக்கங்களே. பந்துகள் ஓய்ந்து நிற்கும்போது விளிம்பை நாடி நிற்பனவும் பல. அவ்வேளைகளில் ஆடுபவர் கோலின் அடிப்பாகத்தைத் தூக்கி, நுனியைச் சாய்த்துக் குத்த வேண்டியவராகிறார். அப்படிக் குத்தப்பட்ட பந்து நேரே ஓடாது சற்றே வளைந்தோடும். பழகும் பிள்ளை அது தன் கையின் குற்றமென்றே எண்ணுவான். சுவரின் குற்றமென்று எண்ணான். ஓரிரு மாதத்தில் மண்டபத்து மேசையே மேலெனத் தோன்றிவிடும். பின்னர் வீட்டு மேசைமீது தோய்த்த உடுப்புகள் மடித்து அடுக்கப்படும். அரங்கத்தை அளவாமல் வாங்கப்பட்ட மேசைகளிற் பலவற்றின் முடிவு இதுவே.

கட்டைக்கோல் ஒன்று வாங்கினால் தீராதோ எனக் கேட்பர். 52 அங்குலக் கோல் விற்பனைக்குண்டு. 48 அங்குலமும் உண்டு. 52 அங்குலக் கோலோடு எட்டடி மேசைக்கு 12 அடி 4 அங்குல அகலம் போதும் என்பது உண்மையே. தூணொன்றோ புகைபோக்கியின் புடைப்போ ஓரிடத்தில் மாத்திரம் இடிக்குமாயின், அவ்விடத்திற்கென ஒரு கட்டைக்கோலைச் சுவரில் மாட்டி வைப்பதில் தவறில்லை. ஆனால் ஆட்டம் முழுவதையும் கட்டைக்கோலால் ஆடுவது, முழக்கையளவு அகப்பைக் காம்பை வெட்டிக் குறைத்துக்கொண்டு அண்டாவிற் பாயசம் கிண்டுவது போன்றது.

எனவே ஏழடி மேசையே தக்கது என்றேன். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. ‘கூட்டாளிப் பெடியள் சின்ன மேசை என்று சிரிப்பார்கள்’ என்றார். இது மகனுடைய வெட்கமா தகப்பனுடைய வெட்கமா என்பது எனக்கு விளங்கவில்லை. ஆயினும் உண்மை வேறு. வட அமெரிக்காவின் மதுச்சாலைகளிற் காசு போட்டு ஆடும் மேசைகளிற் பெரும்பாலானவை ஏழடியே. கழகங்கள் பலவற்றின் போட்டிகளும் அவற்றின்மீதே நடைபெறுகின்றன. முறையான ஏழடி மேசையில் ஓடும் பந்தும் ஒன்பதடி மேசையில் ஓடும் பந்தும் ஒரே இரண்டேகால் அங்குல விட்டமுடையனவே. எட்டாம் பந்தாட்டத்திற் பதினைந்து பந்துகளும் வெள்ளைப் பந்தும் சுருங்கிய பரப்பில் நெருங்கி நிற்பதால், ஒன்றையொன்று மறிக்கும். இடுக்கு நோக்கி அடிக்கும் நிதானம் கைவர வேண்டும். நீண்ட தூரம் நேரே அடிக்கும் பழக்கம் பெரிய மேசையிலன்றிக் கைகூடாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போட்டிக்காரனாக விரும்புபவன் அதற்கு மண்டபத்தையே நாட வேண்டியிருக்கும். வாரத்தில் ஒருநாள் தகப்பனாரே கூட்டிச் சென்றால் என்ன என்று கேட்டேன். மறுமுனையில் சிறிதுநேரம் பேச்சில்லை.

மேசையொன்று வந்ததும் பிள்ளை வீட்டோடு ஒட்டிக்கொள்வான் என்னும் நம்பிக்கையில் எனக்கு முழு உடன்பாடில்லை. மேசை அவனை மாத்திரமன்று, அவன் கூட்டாளிகளையும் அழைக்கும். அவர்கள் வருவதை விரும்பாத வீட்டில் மேசை எவ்வளவினதாயினும் பயன்படாது. கல்லின்மேல் ஓடிப் பந்தோடு பந்து மோதும் ஓசை மேற்றளத்துப் படுக்கையறைவரை கேட்கும் என்பதையும் முன்னரே எண்ணிக்கொள்ள வேண்டும்.

அளவெடுக்கும் வேலையைப் பையனிடமே விடும்படி சொன்னேன். செய்யவேண்டியது எளிது. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, ஆடுபரப்பின் அளவுக்கு, 78க்கு 39 அங்குலமாக வெட்டித் தரையில் விரிப்பது. தும்புத்தடிக் காம்பை 58 அங்குலத்திற்கு அடையாளமிட்டு, தாளின் விளிம்பெங்கணும் பிடித்துப் பார்ப்பது. கதவு எப்பக்கம் திறக்கிறது, யன்னற் கட்டு எவ்வளவு துருத்துகிறது, தலைக்குமேல் வெப்பக்காற்றுக் குழாய் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பனவெல்லாம் அப்போது தாமே வெளிப்படும். கோலைச் செங்குத்தாக உயர்த்தி அடிக்கும் அடிகளுக்குக் கூரை எட்டடியாவது உயர்ந்திருத்தல் நல்லது. மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் கீழ்விளிம்பு ஆடுபரப்பிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் இருந்தால் நிழல் விழாது, தலையும் இடியாது.

பையன் அதனைச் செய்தான். அனுப்பிய படத்தில் அறையின் நான்கு சுவரும், படியடியில் நிற்கும் இரும்புத் தூணும், அங்குலக் கணக்கோடு குறிக்கப்பட்டிருந்தன. என் வகுப்பில் இத்தனை துப்புரவாகப் படம் கீறுவோர் சிலரே. நீளவாட்டில் மிஞ்சும் பத்து அங்குலத்தையும் தூண் நிற்கும் பக்கத்திற்கே விட்டு, மேசையை எதிர்ச்சுவர்ப் பக்கமாகத் தள்ளியிருந்தான். படத்தின் ஓரத்தில், மேசையைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஒன்றும் ‘அப்பம்மா நடக்கும் வழி’ என்ற குறிப்பும் இருந்தன. தமக்கையாருக்கு முழங்கால் வருத்தம். நாள்தோறும் நடக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். பனிகொட்டும் மாதங்களில் வெளியே கால்வைக்க முடியாமையால், அவர் அந்த அறையையே சுற்றிச் சுற்றி நடப்பது வழக்கம். மேசை வந்தால் அந்நடை நின்றுபோகுமே என்ற எண்ணம் தகப்பனாருக்கும் வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை. கோல் பின்னிழுப்பதற்கு விடப்படும் நாலடிக்கு மேற்பட்ட இடைவெளி, முதியவர் ஒருவர் விளிம்பைப் பிடித்தபடி நடப்பதற்கும் போதும். ஆனால் பார்வையாளருக்கென மருமகன் வாங்க எண்ணியிருந்த சாய்மனைகளையும் அலுமாரியையும் அங்கே போடலாகாது. அவற்றைப் பையன் தன் படத்திற் கீறவேயில்லை.

பெரிய மேசைமீது நமக்குள்ள மயக்கம் பழையது. ஆங்கிலேயர் காலத்துக் கழகங்களில் நாம் கண்டது பன்னிரண்டடி மேசை. ஸ்நூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூர்ப் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரியால் (பிற்காலத்துப் பிரதமர் வேறொருவர்) தொடக்கிவைக்கப்பட்டு, 1882இல் நீலகிரியின் உதகமண்டலக் கழகத்தில் விதிகள் எழுதப்பெற்றது. நுவரெலியாவின் ஹில் கிளப்பிலும் பிலியட்ஸ் அறை உண்டு. அம்மேசையின் ஆடுபரப்பு 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். அதற்கு 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். அங்கெல்லாம் மேசைக்கென்றே அறை கட்டினார்கள். அறைக்கென மேசை தேடவில்லை. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பிலியட்ஸ் வாகையைச் சூடிய நம் நாட்டு எம். ஜே. எம். லாபிர் ஆடியதும் அவ்வகை மேசையிலேதான். வீட்டிலே நாம் ஆடி வளர்ந்ததோ 29 அங்குலக் கரம் பலகை. நாற்புறமும் நால்வர் சப்பாணி கட்டி அமர்ந்தாற் போதும், கோலுமில்லை, சுவரின் தொல்லையுமில்லை.

இனி, அளவு தீர்ந்தபின் பார்க்க வேண்டியது அடித்தளம். நல்ல மேசையின் துணிக்கடியில் இருப்பது சிலேற்றுக்கல், ஏறத்தாழ ஓரங்குலத் தடிப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவானதாயினும், நிலக்கீழ்த் தளத்தின் ஈரலிப்பிற் காலப்போக்கில் வளையும். வளைந்த பலகையை நிமிர்த்த வழியில்லை. கல் வளையாது. ஆனால் கனதி மிக்கது: எட்டடிக் கல்மேசையொன்று எழுநூறு இறாத்தலுக்குக் குறைவது அரிது. வீட்டு மேசைகளில் அக்கல்லை மூன்று துண்டுகளாக்கி, இறக்கிய இடத்தில் மட்டம் பார்த்துப் பூட்டி, பொருத்துகளைத் தேன்மெழுகால் அடைத்து, அதன்மேல் துணி விரிப்பர். மதுச்சாலைகளிலிருந்து பழையதாக விற்கப்படும் ஏழடி மேசைகளிலோ கல் பெரும்பாலும் ஒரே துண்டு. விலையைக் கேட்டதும் ஆசை வரும். வாங்குமுன் படிக்கட்டின் அகலத்தையும், அது திரும்பும் மூலையையும், அவ்விடத்துக் கூரையின் தாழ்வையும் அளந்துகொள்ள வேண்டும். திருப்பத்தில் அகப்பட்ட ஒற்றைக்கல்லை மேலேயும் ஏற்ற முடியாது, கீழேயும் இறக்க முடியாது. வீடு மாறும்போது கழற்றிப் பூட்டும் கூலியையும் சேர்த்தே மேசையின் விலையைக் கணக்கிடுதல் முறை.