அபூர்வம் என்பது தொப்பியில் இல்லை

பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து போரிடும் விளையாட்டைப் பற்றி இலக்கிய அன்பர்களிடம் பேச நேரும்போதெல்லாம் ஒரு புன்னகை எங்களை எதிர்கொள்கிறது. அப்போதெல்லாம் எச். ஜி. வெல்ஸைச் சாட்சிக்கு அழைப்பது எங்கள் வழக்கம். 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலெழுதி இவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்தவர் அவர். ஆனால் இன்று எங்கள் வழக்கு புன்னகைப்போரோடு அன்று. எங்களைப் போலவே தூரிகையும் வண்ணக்குப்பியுமாக அமர்ந்திருக்கும் சக ஆர்வலர்களோடுதான்.

காலனியக் காலப் போர்களைச் சேகரிப்போரிடையே ஒரு சடங்கு உண்டு. முதலில் செஞ்சட்டை ஆங்கிலேயர், பிறகு கேடயமேந்திய ஜூலுக்கள். இரண்டும் முடிந்தபின் சலிப்பு வருகிறது. உடனே 'அபூர்வத் துருப்புகள்' தேடும் படலம் தொடங்குகிறது. யாரிடமும் இல்லாத தொப்பி எது, எந்தத் தலைப்பாகைக்கு நிறம் தூக்கலாக இருக்கும், எந்தப் படையில் ஒட்டகம் உண்டு என்பனவே அங்கே கேட்கப்படும் கேள்விகள். அந்தப் படை யாருடையது, ஏன் அங்கே வந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்பவை கேட்கப்படுவதே இல்லை. இது சேகரிப்பன்று, ஜவுளிக்கடை நோட்டம் என்பது எங்கள் துணிபு.

1879ஆம் ஆண்டின் ஆங்கிலோ-ஜூலு போரையே எடுத்துக்கொள்வோம். இதில் 'வழக்கமான' துருப்பு எது? எந்தச் சேகரிப்பாளரும் யோசிக்காமல் விடை சொல்வார்: ரோர்க்ஸ் டிரிஃப்டைக் காத்து நின்ற செஞ்சட்டையர். ஏறத்தாழ 150 பேர், 11 விக்டோரியா கிராஸ் பதக்கங்கள். இந்த விடையைத் தந்தது வரலாறு அன்று, 1964இல் வெளிவந்த 'ஜூலு' திரைப்படம். வேல்ஸ் நாட்டுப் படையாக அப்படம் நமக்குக் காட்டும் 24ஆம் ரெஜிமென்ட், போர் நடந்தபோது வார்விக்ஷயரின் பெயரைத்தான் தாங்கியிருந்தது. சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்ற பெயர் அதற்கு 1881இல்தான் வந்தது.

ஜூலு நாட்டின்மீது படையெடுத்த செம்ஸ்ஃபோர்டு பிரபுவின் மொத்தப் படையில் சரிபாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் நேட்டால் நேட்டிவ் காண்டிஞ்சண்ட் என்ற காலாட்படையினர். ஆக, அந்தப் போரின் 'வழக்கமான' சிப்பாய் இவர்களே. எண்ணிக்கையில் மிகுந்தவரை அபூர்வம் என்றும் குறைந்தவரை வழக்கம் என்றும் அழைக்கும் இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றது?

இன்னும் ஒரு படி கீழே செல்வோம். இக்காலாட்படையினரில் பத்துப் பேருக்கு ஒருவர் கையில்தான் துப்பாக்கி தரப்பட்டது. ஏனையோர் தம் சொந்த ஈட்டியும் கேடயமும் கொண்டு வந்தனர். சீருடைக்குப் பதிலாகத் தலையில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புத் துணி. கறுப்பர் கையில் துப்பாக்கி கொடுக்க நேட்டாலின் வெள்ளைக் குடியேறிகள் அஞ்சினர் என்பதே இதன் பின்னணி. ஜனவரி 22 அன்று இசண்டல்வானாவில் ஆங்கிலேய முகாம் அழிந்தபோது மாண்ட 1,300க்கும் மேற்பட்டோரில் 400க்கும் மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்கர்கள். தோல்விக்கான பழியோ, களத்திலேயே இறந்து மறுமொழி சொல்ல இயலாத கர்னல் டர்ன்ஃபோர்டின் மீதும் இந்தக் காலாட்படையின் மீதும் சுமத்தப்பட்டது.

அந்தப் பழி இன்றும் நம் மேசைகளில் உயிரோடிருக்கிறது. பல விதிநூல்களில் இப்படைக்கு மிகத் தாழ்ந்த மனவுறுதி மதிப்பே வழங்கப்படுகிறது. பகடை சற்றே பிசகினாலும் ஓடிவிடும். ஓடியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆயுதமின்மையைப் பின்குறிப்பாக்கி, ஓட்டத்தை மட்டும் ஓர் இனத்தின் இயல்பாக்கும் விதி, விளையாட்டு விதி அன்று. அது செம்ஸ்ஃபோர்டின் தரப்பு வாக்குமூலம். போருக்கு நடுவே இதே காண்டிஞ்சண்ட் திருத்தியமைக்கப்பட்டுக் கூடுதல் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன என்பதையும் அவ்விதிகள் கணக்கில் கொள்ளட்டும்.

குற்றச்சாட்டை எங்களிடமிருந்தே தொடங்குகிறோம். எங்கள் மேசையிலும் இப்படையினர் நெடுநாள் பலியாடுகளாகவே நின்றனர். செஞ்சட்டையருக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, ஜூலுக்களின் முதல் பாய்ச்சலைத் தாங்கவைத்து, செத்ததும் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரமுள்ள ஈயத்துக்கு அதனால் வலிக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கணத்தில் எங்கள் விரல்கள் யாருடைய கட்டளையை நிறைவேற்றின என்ற கேள்வி பின்னாளில் எங்களை உறுத்தியது.

அபூர்வம் வேண்டுமா? ஈடண்டேல் குதிரைப்படையை எடுத்து வையுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகேயுள்ள ஈடண்டேல் மிஷனைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கிறித்தவர்கள் அவர்கள். சிமியோன் கம்புலே அவர்களின் சார்ஜண்ட் மேஜர். அவருடைய தந்தை எலிஜா 1873இல் இதே டர்ன்ஃபோர்டின் கீழ்ப் பணியாற்றி உயிரிழந்தவர். இசண்டல்வானாவில் முகாம் சிதறியபோது அணி குலையாமல் பின்வாங்கி, ஆற்றைக் கடந்து, மறுகரையில் நின்று, தப்பியோடி வந்தவர்களுக்காகத் துரத்தி வந்தவர்கள்மீது சுட்டவர்கள் இவர்கள். கம்புலேவுக்குப் பதக்கமும் கிடைத்தது. ஆயினும் அவர் பெயரைச் சொல்லக்கூடிய ஆர்வலர் எத்தனை பேர்?

ஜூலு தரப்பிலும் இதே கதைதான். ரோர்க்ஸ் டிரிஃப்டைத் தாக்கியவர்களில் பெரும்பான்மையோர் நாற்பது வயதையொட்டிய, தலையில் மணவளையம் அணிந்த குடும்பஸ்தர்கள். நம் பெட்டிகளில் இருப்பவர்களோ கட்டுடல் கொண்ட இருபது வயது இளைஞர்கள். மன்னர் கெட்ஷ்வாயோவின் சகோதரரான ஹாமு, 1879 மார்ச்சில் தம் ஆட்களுடன் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். அவருடைய வீரர்களை மேசையில் நிறுத்தினால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடந்த போர் என்ற எளிய சித்திரம் அங்கேயே உடைகிறது.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. 1885 மார்ச் 22 அன்று, சூடானில் சுவாக்கின் துறைமுகத்துக்கு அருகே டோஃப்ரெக் என்ற இடத்தில், முட்புதர்களை வெட்டி அரண் எழுப்பிக்கொண்டிருந்த படைமீது திடீர்த் தாக்குதல் நிகழ்ந்தது. அங்கே மதராஸ் சாப்பர்களும் இருந்தனர். இன்றளவும் 'தம்பி' என்ற தமிழ்ச் சொல்லாலேயே செல்லமாக அழைக்கப்படும் படைப்பிரிவு அது. டோஃப்ரெக்கை மேசையில் அமைப்போர் சீக்கியரை விருப்பத்தோடு வாங்குகிறார்கள். தாடியும் தலைப்பாகையும் கண்ணைப் பறிக்கின்றனவே! கோடரியோடு நிற்கும் தம்பிக்கு அத்தகைய கவர்ச்சி இல்லை. கோடரி பிடித்தவன் இல்லாமல் அரண் எப்படி எழுந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இரு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். 'இது வெறும் பொழுதுபோக்கு, இதில் ஏன் இத்தனை பாரம்?' என்பது முதலாவது. சட்டைப் பொத்தானின் நிறம் 1879க்கு உரியதா 1881க்கு உரியதா என்று இரவெல்லாம் வாதிடுகிறவர்கள், அந்தச் சட்டை கிடைக்காதவனைப் பற்றிக் கேட்டதும் பொழுதுபோக்கு என்று ஒதுங்குவது நியாயமன்று. 'ஆக்கிரமிப்புப் போரை விளையாடுவதே இழிவு, தூக்கியெறியுங்கள்' என்பது இரண்டாவது. இதன் அறச்சீற்றத்தை மதிக்கிறோம். இதற்கு முழுமையான விடை எங்களிடம் உண்டு என்று நடிக்கவும் மாட்டோம். ஆனால் மேசையைக் கவிழ்த்துவிட்டால் எஞ்சுவது அந்த 1964ஆம் ஆண்டுத் திரைப்படமே. கம்புலே அப்போதும் வெளியேதான் நிற்பார்.

ஆகவே அடுத்த பெட்டியை வாங்குமுன் கேட்க வேண்டியவை இவை. இந்தப் படை வந்தால் களத்தைப் பற்றிய நம் எண்ணத்தில் ஏதேனும் மாறுகிறதா? அவர்களுக்கு எது தரப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பது நம் விதிகளில் இடம்பெறுகிறதா? இவற்றுக்கு விடையில்லையென்றால், எத்தனை அரிய தொப்பியாக இருந்தாலும் அது தொப்பி மட்டுமே.

எங்கள் மேசையில் இப்போது நேட்டால் காலாட்படையினர் பத்துப் பேர் புதிதாக நிற்கிறார்கள். பத்துத் தலையிலும் சிவப்புத் துணி. ஒருவர் தோளில் மட்டும் துப்பாக்கி. மனவுறுதி மதிப்பைச் செஞ்சட்டையருக்குச் சமமாக உயர்த்தி, துப்பாக்கிப் பற்றாக்குறையை மட்டும் அப்படியே வைத்து மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்தோம். மூன்றிலும் தோற்றார்கள். ஏன் தோற்றார்கள் என்பது இம்முறை எங்களுக்குத் தெரிந்திருந்தது. மறுப்போர் தம் விதிநூலோடு வரட்டும், பேசுவோம்.