மோட்டார் கூடாதாம்! மனிதன் இழுக்கலாமாம்!

ஊர் நடுவில் மோட்டார் வண்டிகளை விடலாமா, கூடாதா என்கின்ற வாதம் இன்று பல தேசங்களில் நடந்து வருகின்றது. ஸ்பெயின் தேசத்துப் பொந்தேவெத்ரா என்னும் ஊரில் 1999ம் வருஷம் பதவிக்கு வந்த மேயர், ஊர் நடுவை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிக் கார்களை வெளியே நிறுத்தச் செய்தார். இந்த மாதிரித் தடையை நாம் முழு மனதுடன் ஆதரிக்கின்றோம். தெரு என்பது கார் வாங்கப் பணம் உள்ளவனுடைய பாட்டன் சொத்தல்ல. பொதுத் தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1924ல் வைக்கத்தில் ஜெயிலுக்குப் போனவர்களின் வழி வந்தவர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிற்க, மோட்டாரைத் தடுத்துவிட்டாலே ஒரு ஊர் யோக்கியமான ஊராகிவிடும் என்று நினைக்கின்றவர்கள் மாத்தேரானைச் சற்றுப் பார்க்க வேண்டுகிறோம்.

மாத்தேரான், மும்பைக்கு அருகில் மகாராஷ்டிர மாகாணத்து ராய்கட் ஜில்லாவில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிறு மலை ஊர். 1850ல் தானா ஜில்லா கலெக்டராயிருந்த மாலெட் துரை கண்டுபிடித்ததாகச் சரித்திரம் எழுதி வைத்திருக்கின்றார்கள். (அங்கே முன்னமேயே குடியிருந்த காட்டு ஜனங்கள் கண்டது கணக்கில் சேராது போலும்!) 1907ல் நேரலிலிருந்து மலை ரயில் வந்தது. ஊருக்குள் மோட்டார் வாகனம் கூடாது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் மாத்திரம் விலக்கு. 2003ல் மத்திய சர்க்கார் அந்தப் பிரதேசத்தைச் சூழல் பாதுகாப்புப் பிரதேசமென்றும் ஆக்கிற்று. காரில் வருகின்றவர்கள் எவ்வளவு பெரிய மனிதர்களாயிருந்தாலும் தஸ்தூரி என்ற இடத்தில் இறங்கியே ஆக வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது.

ஆனால் அங்கே இறங்கிய கனவான் அப்புறம் எப்படிப் போகின்றார்? நடந்தாரா? பலர் நடக்கின்றார்கள். சிலர் குதிரை ஏறுகின்றார்கள். மற்றும் சிலருக்கென்று கை ரிக்‌ஷா வைத்தார்கள். முன்னால் ஒரு மனிதன் மாட்டைப் போல் இழுக்கிறான். பின்னால் ஒருவனோ இருவரோ தள்ளுகிறார்கள். செம்மண் மேட்டில், வெய்யிலில், மூச்சு வாங்க இவர்கள் ஏற, மேலே உட்கார்ந்திருப்பவர் “ஆகா, புகையில்லாத காற்று!” என்று இழுத்து விடுகின்றார். அந்தக் காற்றுக்காக இழுக்கிறவனுடைய நுரையீரல் என்ன பாடு படுகின்றதென்பதை அவர் நினைத்துப் பார்த்ததுண்டா?

இதை மாற்றி மின்சார ரிக்‌ஷா விட வேண்டுமென்று இழுப்பவர்களே கேட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மின்சார ரிக்‌ஷா புகை விடுவதில்லை; பெருஞ்சத்தமும் போடுவதில்லை. அப்படியிருந்தும் எத்தனை ஆக்ஷேபணைகள்! மலையின் அழகு கெட்டுவிடுமாம். ஒன்றை விட்டால் பின்னால் காரும் வந்துவிடுமாம். குதிரைக்காரர்கள் தங்கள் வரும்படி போய்விடுமென்றார்கள். குதிரைக்காரர்களும் ஏழைகளே, அவர்கள் வயிற்றைப் பற்றிய கவலை நியாயமானது, அதற்குச் சர்க்கார் வழி செய்ய வேண்டியதுதான். மற்ற ஆக்ஷேபணைக்காரர்களை மாத்திரம் நாம் ஒன்று கேட்கின்றோம். இழுக்கிறவன் இடத்தில் உங்கள் தகப்பனாரை நிறுத்தி, மேலே நீங்கள் உட்கார்ந்து மலையின் அழகை ரசிப்பீர்களா? கார் நுழைந்துவிடும் என்ற பயம் உண்மையானால், இத்தனை வண்டி, இன்னின்னார் கையில், இன்ன பாதையில் என்று சட்டம் வகுத்துக் காரைத் தடுக்க முடியாதா? இத்தனை வருஷமாகக் காரைத் தஸ்தூரியில் நிறுத்தி வைத்த சட்டத்திற்கு அந்தச் சக்தி திடீரென்று எங்கே போய்விடும்?

“இழுப்பதை நிறுத்தினால் அவர்கள் பிழைப்பு போய்விடுமே” என்று சிலர் கண்ணீர் விடுகின்றார்கள். மலம் சுமப்பதை நிறுத்தச் சொன்ன போதும் இதே கண்ணீர்தான் வந்தது. சென்னையில் கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது என்ன நடந்தது? 1973ல் கலைஞர் கருணாநிதியின் சர்க்கார் கை ரிக்‌ஷாவை எடுத்துக்கொண்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மிதிப்பதும் கஷ்டந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் மனிதன் நுகத்தடியிலிருந்து வெளியே வந்தான். பிழைப்பையும் மானத்தையும் ஒன்றாகக் கொடுக்க முடியும் என்பதற்கு ஐம்பது வருஷத்திற்கு முந்திய அத்தாட்சி அது.

மாத்தேரான் விஷயமோ கோர்ட்டுக் கோர்ட்டாக அலைந்தது. 2022 டிசம்பரில் பரீட்சார்த்தமாகச் சில மின்சார ரிக்‌ஷாக்களை விட்டார்கள். கடைசியில் 2025 ஆகஸ்ட் 6ந் தேதி, தலைமை நீதிபதி கவாய் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச், மனிதனை மனிதன் இழுப்பது மனிதத்தன்மைக்கே விரோதமென்றும், ஆறு மாதத்திற்குள் நிறுத்த வேண்டுமென்றும், மின்சார ரிக்‌ஷாவைச் சர்க்கார் வாங்கி இழுப்பவர்களுக்கே வாடகைக்குக் கொடுக்க வேண்டுமென்றும், பணமில்லை என்ற சாக்குச் சொல்லக்கூடாதென்றும் தீர்ப்புக் கூறிற்று. காரைத் தடுத்த உத்தரவு அப்படியே இருக்கின்றது. அதாவது, காரை வெளியே நிறுத்துவதும் மனிதனை நுகத்திலிருந்து அவிழ்ப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்லவென்று கோர்ட்டே சொல்லியாகிவிட்டது. இதற்குச் சுதந்திரம் வந்து 78 வருஷம் வேண்டியிருந்தது! லைசென்சு பெற்ற கை ரிக்‌ஷாக்கள் நூறு கூட இல்லாத ஒரு சின்ன ஊரின் காரியம் இது.

நம் ஊர்களிலும் கடைத்தெருவில் காரைத் தடுக்க வேண்டுமென்று பேசப்படுகின்றது. தாராளமாகத் தடுக்கட்டும். ஆனால் திட்டம் போடுகின்ற எஞ்சினீயர்களிடம் நாம் கேட்பது: நடக்க முடியாத கிழவி எதில் வருவாள்? கடைக்கு மூட்டை எப்படிப் போகும்? யார் முதுகில் போகும்? இதற்குக் காகிதத்தில் பதில் எழுதிய பிறகு கயிறு கட்டட்டும்.

மாத்தேரானுக்கு உல்லாசப் பிரயாணம் போகும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தஸ்தூரியில் இறங்கினால் பக்கத்திலேயே அமன் லாட்ஜ் என்ற ரயிலடி இருக்கின்றது. கால் இருப்பவர் நடக்கலாம். முடியாதவர் ரயிலோ மின்சார ரிக்‌ஷாவோ ஏறலாம். எவனாவது ஒரு ஏழை கை ரிக்‌ஷாவைக் காட்டிக் கூப்பிட்டால், ஏற மறுத்து விடுங்கள். மின்சார ரிக்‌ஷா அவன் கைக்கு வந்து சேர்ந்ததா என்று அங்குள்ள முனிசிபாலிடியைப் போய்க் கேளுங்கள்.