கொப்பியை மூடிவிடாதீர்கள்



2009 வரையான போர்க்காலத்தில், கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பல பிள்ளைகளுக்கு வயது வரமுன்னரே கலியாணம் செய்துவைத்தோம். அவர்களிற் பலர் பிறகு பாடசாலைப் படி மிதிக்கவில்லை.

இன்று படிக்கிற மகள் கர்ப்பமானால் ஏசாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். உடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் கூட்டிச்செல்லுங்கள். இளவயதுத் தாய்க்கு இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம் வரும் ஆபத்து அதிகம். பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கலாம்.

மகளுக்கு 16 வயது நிரம்பாவிட்டால், அவள் சம்மதித்திருந்தாலும் சட்டப்படி அது குற்றமே, குற்றவாளி அவளல்ல. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

பிள்ளை பிறந்தபின்னும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். அவள் படிக்கும் அந்த இரண்டு மணித்தியாலம் பேரப்பிள்ளையை உங்கள் மடியில் வைத்திருங்கள். அதுவே பேருதவி.