மியூட்ல போடுங்க!

ஓசூர் சிப்காட்டில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பர் சொன்னது. காலை வீடியோ மீட்டிங். மேலதிகாரி 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில். நண்பர் செல்போனோடு ஷாப் ஃப்ளோரில். ‘‘சார், ரெண்டாம் நம்பர் லேத்துல சத்தம் மாறியிருக்கு. பேரிங் போயிடும்போல இருக்கு’’ என்று ஆரம்பித்திருக்கிறார். பதில் உடனே வந்தது: ‘‘உங்க பக்கம் ஒரே இரைச்சல். மியூட்ல போடுங்க!’’

புகாரே அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் சாமி!

1980-களிலேயே லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்த ஊர் இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்தாச்சு. அதனால் பாதிப் பேச்சு கையாலும் கண்ணாலும்தான். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு விஷயம் புரிந்ததா என்பது அவன் சொல்லும் ‘யெஸ் சாரி’ல் தெரியாது, மெஷினில் கை வைக்கும் விதத்தில் தெரியும். அதை எந்த ஸ்கிரீன் காட்டும்?

இது ஓசூர் சமாசாரம் மட்டுமில்லை. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை மறுநாள் ஏவலாமா என்று டெலிகான்ஃபரன்ஸ் நடந்தது. ராக்கெட் செய்த கம்பெனியின் இன்ஜினீயர்கள் யூட்டாவில். நாசா ஆட்கள் அலபாமாவிலும் ஃப்ளோரிடாவிலும். குளிரில் ரப்பர் வளையம் விறைத்துவிடும், வேண்டாம் என்றார்கள் இன்ஜினீயர்கள். கம்பெனி ஐந்து நிமிடம் கேட்டு லைனிலிருந்து விலகியது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ‘ஏவலாம்’ என்றது. உள்ளே இன்ஜினீயர்கள் போராடியது மறுமுனைக்குக் கேட்கவில்லை. முடிவு மட்டும் கேட்டது. மறுநாள் 73-வது விநாடியில் ஏழு பேர் போனார்கள்.

வீடியோவே கூடாது என்று சொல்ல நான் கற்காலத்து ஆள் இல்லை. ஒரு டிராயிங்கைத் திருத்துவதற்காக அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொள்வது முட்டாள்தனம். வாய் வாக்குறுதி காற்றோடு போகும். வாட்ஸ்அப்பில் வந்த ஓவர்டைம் கணக்கு தொழிலாளிக்குச் சாட்சியாக நிற்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பெட்டர்.காம் முதலாளி சுமார் 900 பேரை ஒரே ஜூம் காலில் வீட்டுக்கு அனுப்பினாரே, அது எந்த வசதிக்காக? எதிரில் உட்கார்ந்திருந்தால் ஒருத்தராவது ‘ஏன் சார்?’ என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் பல பேருக்கு இந்தத் திரை தேவைப்படுகிறது. செலவு மிச்சம், நேரம் மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்.

அதனால் அதிகாரிகளே, தகவல் என்றால் அனுப்புங்கள். ஆபத்து, தண்டனை, வேலைநீக்கம் என்றால் தயவுசெய்து வண்டியை எடுங்கள். வந்து அந்த ரெண்டாம் நம்பர் லேத் பக்கத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

அதுக்கு மியூட் பட்டன் கிடையாது.