வங்கியும் வாங்கும்: வெளிநாட்டில் பெட்டி தேடப் போகிறவர்களுக்கு

"இங்கிலீஷ் தெரிஞ்சால் உலகம் முழுக்கச் சமாளிக்கலாம்" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இப்போது அதில் ஒரு சின்னத் திருத்தம்: "இங்கிலீஷும் போனில ஒரு மொழிபெயர்ப்புச் செயலியும் இருந்தால் காணும்." இரண்டும் பொய் என்கிறோம். ஜேர்மனியில் ஒரு வங்கிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றபோதுதான் எங்களுக்கே அது விளங்கியது.

தெரியாதவர்களுக்காக: ஜியோகேச்சிங் என்பது யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜி.பி.எஸ். ஆள்கூறுகளை வைத்துத் தேடும் விளையாட்டு. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 2ஆம் திகதி அமெரிக்கா நிறுத்தியது. மறுநாளே ஒறிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சாமான் போட்டு ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். இன்று உலகம் முழுக்க முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது ஜேர்மனியில்.

எங்களில் மூன்று பேர் டோர்ட்முண்டில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தேடக் கிளம்பினோம். பக்கம் முழுக்க ஜேர்மன். செயலியில் போட்டோம். குறிப்பு இப்படி வந்தது: "வங்கிக்குக் கீழே, காந்தம்." தெருமுனையில் உண்மையாவே ஒரு வங்கி இருந்தது. இருபது நிமிஷம் அதன் யன்னல் விளிம்புகளைத் தடவினோம், தண்ணிக் குழாய்க்குப் பின்னால் கை விட்டோம். மண்ணிறத் தோல் உள்ள மூன்று பெடியள், ஒரு வங்கிச் சுவர். ஒரு வயதான அம்மா நின்று ஏதோ கேட்டா. "கேம், கேம்" எண்டு சிரிச்சோம். அவ சிரிக்கேல்லை. போனை எடுத்தா.

நல்ல காலம், பின்னால் வந்துகொண்டிருந்த பெரியம்மாவின் மகள் ஓடி வந்து இரண்டு வசனம் சொன்னாள். அந்த அம்மாவின் முகமே மாறியது. தன் பேரனும் இதே விளையாட்டுத்தான் எண்டாவாம். பிறகு தங்கச்சி எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, உது வங்கி இல்லை, வாங்கு. பாங்க் எண்டால் ரெண்டும்தான்." எதிரே பூங்காவில் இருந்த வாங்கின் அடியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

இதில் வெட்கப்பட இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் 'வாங்கு' போர்த்துக்கேயரின் 'பாங்கோ'விலிருந்து வந்தது. அந்தச் சொல்லின் வேரோ பழைய ஜேர்மானிய மொழியில். அதாவது அந்த ஜேர்மன் சொல்லின் உறவு எங்கள் வீட்டு விறாந்தையிலேயே கிடந்தது. நாங்கள்தான் செயலியிடம் கேட்டோம்.

செயலியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு யோசிக்கிற பழக்கம்தான் பிழை. பல புதிர்களில் 'பலகையின் மூன்றாவது சொல்லில் எத்தனை எழுத்து' என்று கேட்பார்கள். விடை ஆள்கூறில் ஓர் இலக்கமாகும். காட்டுக்கு ஜேர்மனில் 'வால்ட்': அவர்கள் எழுத்தில் நாலு, ஆங்கிலத்தில் ஆறு, தமிழில் இரண்டு. அந்த இலக்கம் அகலாங்கின் நிமிடத்தில் முதல் தசம இடத்தில் வந்தால், இரண்டு பிழைத்தாலே சுமார் 370 மீற்றர் தள்ளிப் போவீர்கள். ஜேர்மன்காரர் திசைக்கு 'ஓ' என்று எழுதினால் அது 'ஓஸ்ட்', கிழக்கு. எல்லை தாண்டிப் பிரான்சில் அதே 'ஓ' மேற்கு. இதையெல்லாம் செயலி சொல்லித் தராது.

விளையாட்டின் அத்திவாரமே ஒரு மொழிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. தேடுபவர் தற்செயலாக வாசித்துவிடாமல் இருக்கக் குறிப்பை 'ரொட் 13' என்ற முறையில் மறைக்கிறார்கள். 26 ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளுவதுதான் அது. ஜேர்மனின் இரட்டைப் புள்ளி வைத்த எழுத்துகள் அதில் மாறாது. தமிழ் எழுத்து ஒன்றுகூட மாறாது. தமிழில் குறிப்பு எழுதினால் அது அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். 'மொழி ஒரு பிரச்சினையே இல்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த 26 எழுத்துக்குள் வசதியாகக் குடியிருப்பவர்கள்.

அடுத்தது நம்மவர்களின் முறைப்பாடு: "இங்கிலீஷிலயும் போட்டிருக்கலாம்தானே?" இதைக் கேட்கும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டம் செய்த காயத்தைப் பேசிப் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கிய பிறகும், தமிழ் வீட்டுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். அரச அலுவலகம் எங்கள் மொழியில் எழுதுவது அதன் கடமை. ஆனால் தன் ஊர்ப் பூங்காவில், தன் கைக்காசில், தன் மொழியில் ஒரு பெட்டி ஒளித்து வைத்த மனுசிக்கு எங்களிடம் எந்தக் கடமையும் இல்லை. அவ ஆங்கிலத்தில் நாலு வரி சேர்த்தால் அது அன்பு. சேர்க்காவிட்டால் குற்றம் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், மொழி உரிமை என்று நாங்கள் பேசுவது வெறும் வசதி கேட்பதாகச் சுருங்கிவிடும்.

"விளையாட்டுத்தானே, இவ்வளவு யோசிக்கோணுமா?" என்பீர்கள். யோசிக்கத்தான் வேண்டும். 'பெற்றேற்றன் ஃபெர்போற்றன்' என்ற பலகைக்கு உள்ளே வராதே என்று அர்த்தம். 'லேபன்ஸ்கெஃபார்' என்றால் உயிராபத்து. காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் செயலியைத் திறந்து பார்க்க நேரம் கிடைக்காது. யாராவது சந்தேகத்தோடு கேட்டால் எங்கள் தோலின் நிறம் முதலில் பதில் சொல்லிவிடும். அதற்கு முன் எங்கள் வாய் முந்தவேண்டும்.

ஆகவே போவதற்கு முன் முப்பது சொல் படியுங்கள்: பாலம், வேர், வேலி, கல், வாங்கு, மேலே, கீழே, பின்னால், ஒன்றிலிருந்து பத்து. "நாங்கள் ஒரு ஜியோகேச் தேடுகிறோம்" என்ற ஒரு வசனத்தைப் பாடமாக்குங்கள். புதிரை மூலமொழியிலேயே எழுதி வைத்து எழுத்தை எண்ணுங்கள், மொழிபெயர்ப்பைப் பிறகு பாருங்கள். விளங்காவிட்டால் அங்கே வளர்ந்த தங்கச்சியையோ தம்பியையோ கேளுங்கள். அதுகளின் தமிழைக் கேலி பண்ணுவதை விட்டுவிட்டு, அதுகளிடம் இருக்கும் மற்ற மொழியை மதியுங்கள்.

கண்டெடுத்த பிறகு 'ரீ.எவ்.ரீ.சி.' என்று நாலு ஆங்கில எழுத்தைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். அந்த ஊர் மொழியில் ஒரு நன்றி வரி எழுதுங்கள். அதன் கீழே தமிழில் உங்கள் கதையை எழுதுங்கள். "தமிழை ஆர் வாசிக்கப் போகினம்?" பெட்டி வைத்தவ ஆர்வம் இருந்தால் செயலியில் போட்டு வாசிப்பா. இந்த முறை சிரமம் அவவுக்கு, அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நாங்கள் அந்த வாங்குக் கதையைத் தமிழில்தான் பதிந்தோம். இரண்டு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செயலி அவவுக்கு என்ன கொடுத்ததோ தெரியாது, கேள்வி இதுதான்: "ஏன் வங்கியை வாங்கப் போனீர்கள்?"