அடுத்த பட்டியலில் யார்?



நெதர்லாந்து என்ற நாட்டை நம் பெரியவர்கள் ஒல்லாந்து என்பார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒரு காலத்தில் கோட்டை கட்டிக் கொழுத்தவர்களின் நாடு அது. அந்த நாட்டு அரசியல்வாதி ஒருவரின் பேச்சு இன்று நம் குடியிருப்புகளில் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. அவர் பெயர் கீர்ட் வில்டர்ஸ். நபிகள் நாயகத்தைப் பற்றிப் பேசியதற்காக 2022 ஜூனில் பாரதீய ஜனதாக் கட்சி தன் செய்தித் தொடர்பாளர் நூபுர் சர்மாவை இடைநீக்கம் செய்தபோது, கடல் கடந்து அவருக்காகக் குரல் கொடுத்தவர் இவர்தான். அன்று முதல் இங்கே இவருக்கு ரசிகர்கள் பெருகிவிட்டார்கள். நம் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. "வெள்ளைக்காரனே நம்ம பக்கம் பேசுறான்" என்று பெருமை வேறு!

இந்தப் பெருமை நமக்கு ஆகாது. ஆடு கசாப்புக்காரனை நம்பிய கதை இது. பிழைக்க வந்தவனை விரட்டுவதையே அரசியலாகக் கொண்டவருக்கு, பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை கைதட்டலாமா? யார் இந்த வில்டர்ஸ், என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை வரிசையாய்ப் பார்ப்போம். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கட்சிக்குள் வந்ததும் கட்சியை விட்டதும்

1963 செப்டம்பர் 6-ல் ஜெர்மன் எல்லையை ஒட்டிய வென்லோ நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இவருடைய தாயார் பிறந்தது நெதர்லாந்தில் அல்ல; டச்சுக்காரர்கள் அன்று ஆண்ட ஜாவாத் தீவில், சுகபூமி என்ற ஊரில். தாய்வழியில் ஆசிய ரத்தம் கலந்த 'இந்தோ' குடும்பம். கப்பலேறி வந்த குடும்பத்தின் பேரன்தான், வந்தவன் எல்லாம் திரும்பிப் போ என்கிறார்!

1990-ல் முதலாளிமார் விரும்பும் தாராளவாதக் கட்சியான வி.வி.டி.யின் பார்லிமெண்ட் குழுவில் உதவியாளராகச் சேர்ந்தார். 1997-ல் உட்ரெக்ட் நகரசபை உறுப்பினர். 1998-ல் பார்லிமெண்ட் உறுப்பினர். துருக்கியை ஐரோப்பிய யூனியனில் சேர்ப்பதை எந்நாளும் ஏற்கமாட்டேன் என்று தகராறு செய்து 2004 செப்டம்பரில் கட்சியை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு நவம்பர் 2-ல் சினிமா இயக்குநர் தியோ வான் கோ ஆம்ஸ்டர்டாம் தெருவில் மதவெறியன் ஒருவனால் கொல்லப்பட்டார். வில்டர்ஸுக்கும் கொலை மிரட்டல்கள். அன்றிலிருந்து போலீஸ் காவலில்தான் வாழ்கிறார். பேச்சுக்காக ஒரு மனிதனைக் கொல்லத் துணிவது காட்டுமிராண்டித்தனம். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் ஒருவர் மிரட்டப்படுகிறார் என்பதாலேயே அவர் சொல்வதெல்லாம் நியாயமாகிவிடாது.

ரசீதுப் புத்தகம் இல்லாத கட்சி

2006-ல் சொந்தக் கட்சி தொடங்கினார். பெயர் சுதந்திரக் கட்சி. அந்த ஆண்டே 150 இடங்கள் கொண்ட பார்லிமெண்டில் 9 இடம் பிடித்தது. இந்தக் கட்சிக்கு எத்தனை உறுப்பினர்கள் தெரியுமா? ஒரே ஒருவர். அவரேதான். சட்டத்துக்காகத் தன்னையும், தானே நடத்தும் ஓர் அறக்கட்டளையையும் காட்டிப் பதிவு செய்துகொண்டார். பார்லிமெண்டில் உட்காரும் அவருடைய கட்சிக்காரர்கள் கூட உறுப்பினர்கள் அல்ல. ஓட்டுப் போடலாம், கொடி பிடிக்கலாம், பணம் அனுப்பலாம். உறுப்பினராக மட்டும் முடியாது.

ரயில்வேயில் எழுத்தர் வேலையும் மிச்ச நேரத்தில் சங்க வேலையும் பார்க்கிறவன் என்ற முறையில் இதன் பொருளைச் சொல்கிறேன். நம் சங்கத்தில் மாதச் சந்தா கட்டுகிற கலாசித் தொழிலாளி பொதுக்குழுவில் எழுந்து நின்று, "பொருளாளரே, கணக்கைக் காட்டும்" என்று கேட்கலாம். செயலாளர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். 2023-ல் வில்டர்ஸுக்கு ஓட்டுப் போட்டவர்கள் 24 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒருவருக்காவது இந்த உரிமை உண்டா? கிடையாது! பொதுக்குழுவும் அவரே, செயற்குழுவும் அவரே, பொருளாளரும் அவரே.

அந்நாட்டில் 1,000 உறுப்பினராவது இருந்தால்தான் கட்சிக்கு அரசு மானியம். ஒற்றை ஆள் கட்சிக்கு அது கிடைக்காது. அப்போது பணம்? அமெரிக்காவில் இருக்கும் டேவிட் ஹோரோவிட்ஸ் மையம் என்ற வலதுசாரி அமைப்பிடமிருந்து பெருந்தொகை வந்தது வெளிப்பட்டது. டச்சுத் தொழிலாளியின் சந்தா வேண்டாம். அமெரிக்க வலதுசாரியின் நன்கொடை மட்டும் வேண்டும். மக்கள் கட்சி என்றால் இதுதானா?

சொன்னதும் செய்ததும்

ஏழைக்காகப் பேசுகிறார் என்கிறார்கள். பேச்சைப் பார்த்தது போதும், செயலைப் பார்ப்போம்.

2010 ஜூன் 9-ல் தேர்தல். ஓய்வூதிய வயது 65-ஐத் தாண்டவே விடமாட்டேன், இதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை என்று தொழிலாளர்களிடம் சத்தியம் செய்து ஓட்டுக் கேட்டார். 24 இடம் கிடைத்தது. மறுநாளே, ஆம் தோழர்களே, மறுநாளே, அது ஆட்சிப் பேச்சுக்குத் தடையாக இராது என்று இறங்கி வந்துவிட்டார்! ஓட்டுச் சீட்டின் மை காயவில்லை. பிறகு மார்க் ருட்டேயின் சிறுபான்மை அரசுக்கு வெளியிலிருந்து முட்டுக் கொடுத்தார். அந்த அரசின் திட்டம் 1,800 கோடி யூரோ செலவு வெட்டு. அதற்குக் கைமாறாக இவர் கேட்டு வாங்கியது வெளிநாட்டவர் வருகைக்குக் கடும் விதிகள். 2012 ஏப்ரலில் அடுத்த வெட்டுப் பேச்சிலிருந்து எழுந்து வந்து அரசைக் கவிழ்த்தார்.

2023 நவம்பர் 22-ல் 37 இடம் பிடித்து முதல் கட்சியானார். மருத்துவக் காப்பீட்டில் நோயாளி ஆண்டுதோறும் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய 385 யூரோவை ஒழிப்பேன் என்று சொன்னவர் அவர். மற்றக் கட்சிகள் அவரைப் பிரதமராக ஏற்காததால், எந்தக் கட்சியிலும் இல்லாத டிக் ஸ்கோஃப் பிரதமரானார். 2024 ஜூலை 2-ல் பதவியேற்ற அரசை 2025 ஜூன் 3-ல் வில்டர்ஸே கவிழ்த்தார். எதற்காக? அகதிகளைத் தடுக்கும் தன் திட்டத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போடவில்லையாம்! 11 மாத ஆட்சியில் நோயாளியின் 385 யூரோ ஒழியவில்லை. அதற்காக அவர் நாற்காலியை உதறவும் இல்லை. அக்டோபர் 29 தேர்தலில் 37 இடம் 26 ஆகக் குறைந்தது.

இரண்டு முறை அரசாங்கத்தின் குடுமி அவர் கையில் இருந்தது. தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன?

புகார்ப் பெட்டி

"அவர் முஸ்லிம்களைத்தானே சொல்கிறார், நமக்கென்ன?" என்று கேட்கும் தம்பிமார்கள் இதைக் கவனமாய்ப் படிக்க வேண்டும்.

2012 பிப்ரவரியில் வில்டர்ஸ் கட்சி ஓர் இணையதளம் திறந்தது. போலந்து, ருமேனியா, பல்கேரியா நாட்டுக்காரர்களால் உங்களுக்குத் தொல்லையா? அவர்களால் வேலை போனதா? எழுதுங்கள் என்றது. அவர்கள் முஸ்லிம்களா? போலந்துக்காரன் பெரும்பாலும் கத்தோலிக்கன். வில்டர்ஸ் வளர்ந்த அதே மதம். வெள்ளைத் தோல்காரன். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி உரிமையோடு வந்தவன். மதமும் நிறமும் சட்டமும் சேர்ந்து கூட அவனைக் காப்பாற்றவில்லை. அவன் செய்த குற்றம் ஒன்றுதான்: பிழைக்க வந்தான், மலிவான கூலிக்கு வேலை செய்தான். பத்து நாட்டுத் தூதர்கள் கண்டித்தார்கள். ஐரோப்பியப் பார்லிமெண்டும் கண்டித்தது. வில்டர்ஸின் முட்டில் நின்ற ருட்டே மட்டும் வாய் திறந்து கண்டிக்கவில்லை.

2014 மார்ச் 19 இரவு ஹேக் நகரில் நடந்த கூட்டத்தில், இந்த நகரில் மொரோக்கோக்காரர்கள் அதிகம் வேண்டுமா, குறைய வேண்டுமா என்று கேட்டார். "குறைய!" என்று கூட்டம் கூவியது. அப்படியானால் ஏற்பாடு செய்கிறோம் என்றார். 6,000-க்கும் மேற்பட்டோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். ஒரு மக்கள் கூட்டத்தையே இழிவுபடுத்திய குற்றத்தை 2021-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தண்டனை மட்டும் விதிக்கப்படவில்லை.

அந்த மொரோக்கோக்காரர்கள் தாமாகவா வந்து விழுந்தார்கள்? 1969-ல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, ஆள் எடுத்து, ஆலைகளுக்கு அழைத்துப் போனார்கள். 1873-ல் கல்கத்தாவிலிருந்து லல்லா ரூக் என்ற கப்பலில் டச்சுக்காரர்களின் சுரிநாமுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டவரின் வம்சமும் இன்று அதே ஹேக் நகரில் வாழ்கிறது. ஆள் தேவைப்பட்டால் அழைப்பு, தேவை தீர்ந்தால் "குறைய!" என்ற கூச்சல்.

நாம் அறியாத கதையா?

1960-களில் இதே மும்பையில் 'மார்மிக்' வார இதழ், கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னாட்டு அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966-ல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் உடைந்தன. வேட்டி கட்டியவன் கேலிக்கு ஆளானான். வில்டர்ஸின் புகார்ப் பெட்டிக்கும் அந்தப் பட்டியலுக்கும் என்ன வேறுபாடு? பின்னால் பட்டியல் மாறியது: முஸ்லிம் வந்தான், உத்தரப் பிரதேசத்தான் வந்தான், பீகாரி வந்தான். 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத வந்த வடநாட்டுப் பிள்ளைகளை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனைக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். நம் பெயர் பட்டியலிலிருந்து கீழே இறங்கியதே தவிர, பட்டியல் எழுதும் கை ஓயவில்லை.

நம் சொந்த மாநிலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? திருப்பூரிலும் சென்னையிலும் மூட்டை தூக்கும் ஒரிசா, பீகார்த் தொழிலாளியை "வடக்கன்" என்று இளக்காரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் அங்கே பீகாரிகள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. படம் பொய்தான், பயந்து ஊருக்கு ரயிலேறியவர்களின் பயம் பொய்யில்லை. மும்பையில் நமக்கு நியாயம் கேட்டுவிட்டு, ஊருக்குப் போய் இன்னொருவனை இளக்காரம் பேசுவது எந்த ஊர் நியாயம்?

குறை உண்மை, குற்றவாளி வேறு

நெதர்லாந்துத் தொழிலாளிக்கு வீடு கிடைக்கவில்லை, வாடகை கட்டி மாளவில்லை என்பது உண்மை. அந்தக் குறையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குற்றவாளி யார்? 2020-ல் எமில் ரூமர் தலைமையிலான குழு அந்நாட்டு அரசுக்கு அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளியை வேலைக்கு வைக்கும் ஏஜென்சியே அவனுக்குப் படுக்கையும் வாடகைக்கு விடுகிறது. வேலை போனால் படுக்கையும் போய்த் தெருவுக்கு வருகிறான். வேலை ஒப்பந்தத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் பிரியுங்கள், ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்துங்கள் என்றது குழு. காண்டிராக்டரின் தகரக் கொட்டகையில் படுத்தவர்களுக்கு இது புரியும். கூலியைக் குறைப்பவன் போலந்துக்காரன் அல்ல. அவனைக் காட்டி இருவர் கூலியையும் குறைக்கும் முதலாளி. ஏஜென்சிக்காரனைப் பற்றிப் புகார் எழுத வில்டர்ஸ் பெட்டி வைத்தாரா?

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளையின் கைபேசியில் இந்த மனிதரின் பேச்சு வந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து 65 வயதுக் கதையைச் சொல்லுங்கள், போலந்துக்காரனின் கதையைச் சொல்லுங்கள், மார்மிக் பட்டியலைச் சொல்லுங்கள். உங்கள் லைனில் குடியிருக்கும் பீகாரியையும் ஒரிசாக்காரனையும் அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். சந்தா வாங்கி ரசீது கொடுங்கள். கேள்வி கேட்கும் உரிமையை அவன் கையில் கொடுங்கள். வெறுப்பை நடத்த ஒரே ஓர் உறுப்பினர் போதும் என்று வில்டர்ஸ் காட்டிவிட்டார். உரிமையைக் காக்க அத்தனை பேரும் வேண்டும்.